பதினாலு கம்ப்யூட்டரும் ஒரு நாரைக் கூடும்

கோர்னி ப்ரோத் நகராட்சிக் கட்டடத்தில் பத்தொன்பது வருடம் கொதிகலன் அறையைப் பார்த்துக்கொண்டவள் நெத்யால்கா. அக்டோபர் பிறந்துவிட்டால் விடியற்காலை ஐந்து மணிக்கே நிலவறைக்குள் இறங்கிவிடுவாள். கரியை அள்ளிப் போடுவாள், குழாயைத் தொட்டுப் பார்ப்பாள், காதை வைத்துக் கேட்பாள். நேரம், சூடு, சத்தம் மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் மேலே வருவாள். எட்டு மணிக்கு வருகிறவர்கள் கோட்டைக் கழற்றி மாட்டும்போது கட்டடம் கதகதவென்று இருக்கும். இந்தச் சூட்டைக் கொடுத்தது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. சூடு குறைந்த அன்றைக்கு மட்டும் அவள் பெயர் எல்லார் வாயிலும் புரளும்.

அப்புறம் எரிவாயு வந்தது. புதுக் கொதிகலன் தானே எரிந்துகொண்டது, தானே அணைந்துகொண்டது. ஐம்பது வயதில் நெத்யால்காவுக்கு வேலை இல்லை. மேயர் போஷ்கோவுக்கோ யாரையும் வேலையை விட்டு அனுப்பத் தெரியாது. அனுப்ப நினைத்தாலே வயிறு வலிக்கும் மனுஷன் அவர். அந்தச் சமயம் பார்த்து, நகராட்சியின் கம்ப்யூட்டர் வல்லுநராக இருந்த பட்டதாரி மூன்றே மாதத்தில் ஜெர்மனிக்குப் போய்விட்டான். நாற்காலி காலி. மேயர் நெத்யால்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அக்கா, கம்ப்யூட்டரப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார்."

"கொதிகலன் வேலைக்கு வந்தப்ப என்ன தெரிஞ்சுது?"

"அப்பவும் ஒண்ணும் தெரியாது."

"பாத்தீங்களா? அதுலயும் சூடு வரும், இதுலயும் சூடு வரும். அதுவும் சத்தம் போடும், இதுவும் சத்தம் போடும். ரெண்டையும் கவனிக்காம விட்டா வம்பு. ஆறு வாரம் பயிற்சிக்குப் போயிட்டு வந்துடுங்க."

போய்விட்டு வந்தாள். சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சுவரில் மாட்ட முடியவில்லை. கட்டடம் பழம்பெரும் நினைவுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது; சுவரில் ஆணி அடித்தாலே அபராதம். மேயருடைய கடிகாரமே ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துதான் மணி காட்டியது. சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்க முடியாததால் பதினாலு அறைக்கும் வைஃபைதான். நெத்யால்கா சான்றிதழை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் ஒரு புது நோட்டு வாங்கி வேலையைத் தொடங்கினாள். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்ப்பாள், காது வைத்துக் கேட்பாள், நேரத்தோடு எழுதிவைப்பாள். மூன்று வருடம் பிரிண்டரில் சிக்கிய தாளும் மறந்துபோன பாஸ்வேர்டுமாக வண்டி நன்றாகவே ஓடியது.

பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதிகிற எவ்தோகியாதான் அவளை விடமாட்டாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. எவ்தோகியா அப்போதே முதல் பெஞ்சு, இப்போதும் முதல் பெஞ்சு மாதிரியே நடந்துகொள்வாள். "என்னடி கரிக்காரி, இன்னிக்கு என் கம்ப்யூட்டருக்கு எத்தன மூட்டை போட்டே?" என்று வருகிறவர் போகிறவர் முன்னால் கேட்பாள். நெத்யால்கா சிரித்துவைப்பாள். உள்ளுக்குள் குத்தும். தான் உண்மையிலேயே கம்ப்யூட்டர்காரிதானா என்ற சந்தேகம் அவளுக்கே இருந்தது.

இப்படி இருக்கையில் ஏப்ரலில் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புது இயங்குதளம் போட வேண்டும், திங்கட்கிழமைக்குள். நெத்யால்கா சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலுவலகத்திலேயே கிடந்து பதினாலையும் முடித்தாள். ஒவ்வொன்றும் வட்டம் சுற்றி, தானே அணைந்து, தானே விழித்து, 'வணக்கம்' என்றது. அவளும் ஒவ்வொன்றுக்கும் வணக்கம் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் கூப்பாடு கேட்டது. வரி அறையில் வைஃபை போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் திரும்பி வந்துவிட்டது. அவள் படி இறங்குவதற்குள் நில அளவை அறையில் போனது. அங்கே போனால் அங்கே வந்துவிட்டது, பதிவறையில் போனது. மத்தியானத்துக்குள் நெத்யால்கா அந்த இரண்டு மாடிப் படிகளை முப்பத்தொரு தடவை ஏறி இறங்கினாள். அதையும் நோட்டில் எழுதினாள்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் செய்தாள். ரவுட்டரை அணைத்துப் போட்டாள். இடம் மாற்றி வைத்தாள். பழைய மேயர்களின் சிலைகளில் உயரமான ஒன்றின் தலையில் வைத்தாள். வைஃபை அட்டையின் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டாள். எதற்கும் மசியவில்லை. பத்து நிமிஷம் இருக்கும், போகும், வரும்.

அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் மாடியில் மைக்ரோவேவ் அடுப்பில் யாரோ பனித்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைச் சூடு பண்ணுவதால்தான் என்றாள் எவ்தோகியா. அன்றிலிருந்து எல்லாரும் ஆறிப்போன பனித்சாவைத் தின்றார்கள். எதிர்க்கட்சியின் சதி என்று மேயர் சந்தேகப்பட்டார். ஆனால் பெரும்பான்மை அபிப்பிராயம் வேறு. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே குறுக்குக் காற்று வீசுகிறது, மனுஷனுக்கே கழுத்துப் பிடித்துக்கொள்ளும், இந்த மெல்லிய வைஃபைக்கு என்ன ஆகும் என்றார்கள். எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினார்கள். வெளியே செர்ரி பூத்துக் குலுங்குகிறது. உள்ளே பதினாலு அறையிலும் ஆட்கள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். வைஃபை அப்போதும் போனது.

நெத்யால்கா தலைநகர் உதவி மையத்துக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு வெசெலின் என்ற ஒரு குரல் வந்தது.

"மேடம், மொதல்ல அந்த நெட்வொர்க்க மறந்துடுங்க."

"எப்பிடித் தம்பி மறக்கறது? சாப்பிடறப்பகூட அதே நெனப்பாத்தான் இருக்கு."

"நீங்க இல்ல மேடம். கம்ப்யூட்டர் மறக்கணும். செட்டிங்ஸ்ல 'இந்த நெட்வொர்க்கை மற'ன்னு இருக்கும்."

"அது ஏற்கெனவே பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மறந்துட்டுத்தான் இருக்கு."

வெசெலின் பெருமூச்சு விட்டான். "சரி, எங்க இணையதளத்துல புகார் பதிஞ்சுடுங்க. வரிசைப்படி பாப்போம்."

"இணையம் இல்லங்கறதுதானே புகாரு?"

"புரியுது மேடம். ஆனா போன்ல வர்ற புகார வாங்கற வழி போன மாசமே நிறுத்திட்டாங்க."

வைஃபை வந்த ஒரு பத்து நிமிஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு புகாரைப் பதிந்தாள். எண் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை நகராட்சிக் கல்யாண மண்டபத்தில் ப்ளாமெனுக்கும் இவெலினாவுக்கும் கல்யாணம். ப்ளாமென் டிராக்டர் பழுது பார்க்கிறவன், பேச்சு குறைவு. இவெலினா நகராட்சிக்கு எதிரே ரொட்டிக் கடை நடத்துகிறவள். அவனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். மேலே ஒரு பெரிய ஸ்கிரீன், கீழே மேஜையில் கம்ப்யூட்டர், அதன் பின்னால் மூவர்ணப் பட்டை போட்டுக்கொண்டு எவ்தோகியா. ரவுட்டருக்குப் பக்கத்தில் சுவரோரமாக நெத்யால்கா, பிரசவ அறை வாசலில் நிற்கிற புருஷன் மாதிரி.

எவ்தோகியா மாப்பிள்ளையின் விவரங்களைத் தட்டினாள், சேமித்தாள். பிறகு எழுந்து குடும்பம் என்றால் என்ன என்று தன் வழக்கமான உரையை ஆற்றினாள். இருபது வருடமாக அதே உரைதான். வயலின் வாசித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அழுதாள். எல்லாம் முடிந்து எவ்தோகியா உட்கார்ந்து பெண்ணின் விவரத்தைத் தட்டியபோது வைஃபை இல்லை. அது திரும்பி வந்தபோது பதிவேடு பெண்ணை வாங்க மறுத்தது. எவ்தோகியா இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று பெண்ணின் அப்பா எழுந்து வந்தார்.

"மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

"பொண்ணுக்கு?"

"பொண்ணுக்கு இன்னும் ஆகல."

"அப்ப அவன் யாரக் கட்டியிருக்கான்?"

எவ்தோகியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தாள். "அந்தக் கட்டம் காலியா இருக்கு," என்றாள்.

பெண்ணை மறுபடி பதியப் பார்த்தால், இந்த ஆளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, இரண்டாம் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மாப்பிள்ளையின் பதிவை நீக்கிவிடலாம் என்றால் அதற்கு வழியே தெரியவில்லை. விவாகரத்துச் செய்யலாமா என்று பார்த்தாள் எவ்தோகியா. மனைவியின் கையெழுத்துக் கேட்டது. இறந்துபோனதாகப் பதிந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று ஒரு யோசனை சொன்னாள். ப்ளாமெனின் அம்மா மறுபடி அழ ஆரம்பித்தாள்.

ஆட்டுக்குட்டிகள் வெந்துவிட்டன, பேண்டு வாத்தியக்காரர்கள் வந்துவிட்டார்கள். விருந்து நடந்தது. ஆனால் பெண்ணின் அப்பா, தன் மகள் இன்னும் கல்யாணமாகாதவள் என்று சொல்லி, விருந்து முடிந்ததும் தன் வண்டியிலேயே வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். இவெலினா வண்டி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "ஏய் ப்ளாமென், நீதான் கல்யாணமானவன், நான் இல்ல! என்னப் பாக்க வர்றதுன்னா பூ வாங்கிட்டு வா!"

எல்லாரும் சிரித்தார்கள். நெத்யால்கா சிரிக்கவில்லை. மண்டபத்திலிருந்து வெளியேறும்போது பெண்ணின் அம்மா ரவுட்டரைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள், போய்விட்டாள். ஜனவரிக் குளிரில் கொதிகலன் அணைந்துபோன நாளில்கூட யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள், பால்கனியில் நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் புருஷன் அசென் தக்காளி நாற்றைத் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்துக் குறிப்பு. எந்த அறை, எத்தனை மணி, அப்போது அங்கே யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள், எல்லாம் இருந்தது. ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். வரி அறை: வசூல்காரர் காப்பி குடிக்கப் போயிருந்தார். நில அளவை: இரண்டு பேரும் வாசலில் சண்டை. பதிவறை: எவ்தோகியா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லா அறையிலும் போயிருந்தது. மேயர் அறையில் மட்டும் ஒரு தடவைகூடப் போகவில்லை. மேயர் காலையிலிருந்து சாயங்காலம் வரை பழைய கால்பந்து ஆட்டங்களை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம்.

"அடப் பாவி," என்றாள் நெத்யால்கா. "தூங்குது."

"யாரு?" என்றார் அசென்.

"கம்ப்யூட்டரு. வேல இல்லேன்னா வைஃபைய மூடிட்டுத் தூங்கிடுது. எழுப்பினா முழிக்குது."

அது எங்கே தூங்கக் கற்றுக்கொண்டது, எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அணையக் கூடாத நெருப்பை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஆள் இல்லாத நேரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக எதையாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எதைப் போடுவது? அசெனின் போன் பூந்தொட்டி மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு மின்கம்பத்தின் உச்சியில் கூடு. கூட்டில் ஒரு செங்கால் நாரை அடைகாத்துக்கொண்டிருந்தது. வடக்கே ஏதோ ஒரு கிராமத்தில் யாரோ கேமரா வைத்து நேரடியாகக் காட்டுகிறார்கள். அசென் மார்ச்சிலிருந்து அதைத்தான் பார்க்கிறார்.

"இது எவ்வளவு நேரம் ஓடும்?"

"நிறுத்தவே மாட்டாங்க. நாரைக்கு ஏது லீவு?"

நகராட்சிக் கம்ப்யூட்டரில் படம் ஓட்டக் கூடாது என்று விதி. அதனால் மறுநாள் மேயரிடம் எழுத்தில் அனுமதி கேட்டாள். மேயருக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. தன் கால்பந்தைப் பற்றி யாரும் பேசாமல் இருந்தால் சரி என்று நினைத்து, கோளாறின் காரணம் தெரியும்வரை நாரையை ஒரு "தொடர்புப் பராமரிப்பு நடைமுறை"யாக ஏற்பதாக ஆணை போட்டார், முத்திரையும் குத்தினார். நெத்யால்கா பதினாலு கம்ப்யூட்டரிலும் வலது பக்க மேல் மூலையில், தபால் தலை அளவுக்கு அந்தக் கூட்டை ஓடவிட்டாள்.

அன்றைக்கு வைஃபை எங்கும் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஜன்னல்களைத் திறந்தார்கள். பனித்சாவைச் சூடு பண்ணினார்கள்.

"அடியே, நான் செத்தவங்களப் பதியற எடத்துல கொக்க விட்டிருக்கியே," என்றாள் எவ்தோகியா.

"கொக்கு இல்ல, நாரை."

"எதுவா இருந்தா என்ன? ரெண்டு நாள்ல எடுத்துடு."

இரண்டாம் நாள் நெத்யால்கா பதிவறைக்குப் போனபோது தபால் தலை அளவில் இருந்த கூடு அரை ஸ்கிரீனுக்கு வளர்ந்திருந்தது. எவ்தோகியா அதைப் பார்த்து விரல் நீட்டிக்கொண்டிருந்தாள். "இந்த ஆம்பளைக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா பாரு. காலைல போச்சு, இன்னும் வரல. இவ பாவம், மழைல ஒக்காந்திருக்கா." அதற்குள் பெட்டைக்கு டோன்கா என்றும் ஆணுக்கு ஸ்பாஸ் என்றும் பெயர் வைத்தாகிவிட்டது. ஸ்பாஸ் என்பது எவ்தோகியாவை விட்டுப் போன புருஷனின் பெயர்.

மே கடைசியில் நாலு முட்டையும் பொரிந்தன. அந்த வாரம் கோர்னி ப்ரோத் நகராட்சியில் ஒரு காகிதமும் நகரவில்லை. வரி கட்ட வந்தவர்கள் கட்டிவிட்டுப் போகாமல் நின்றார்கள். சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு வந்தார்கள், தரையெல்லாம் தொலி. இவெலினா கடையில் வேலை ஓய்ந்த நேரத்தில் ரொட்டித் தட்டோடு வந்து நிற்பாள். பின்னாலேயே கையில் பூவோடு ப்ளாமென் வருவான். அவளும் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "போன தடவ வாங்கினது இத விட நல்லா இருந்துச்சு," என்பாள். சட்டப்படி கல்யாணமான ஒருத்தன் கல்யாணமாகாத பெண்ணுக்குத் தினமும் பூ கொடுப்பதை நகராட்சியே வேடிக்கை பார்த்தது.

நாலாவது குஞ்சு நோஞ்சான். மற்றவை தின்றது போக மிச்சம்தான் அதற்கு. பலவீனமான குஞ்சைப் பெரிய நாரையே கூட்டிலிருந்து தள்ளிவிடும் என்று நில அளவை அறையில் யாரோ சொல்ல, எவ்தோகியா அவனோடு பேச்சை நிறுத்தினாள். மேயர் நகர்மன்றக் கூட்டத்தை நாலாவது குஞ்சின் நிலைமையோடு தொடங்கினார். எதிர்க்கட்சியும் கவலை தெரிவித்தது. கூட்டத்தின் முடிவுப்படி, அந்த வடக்குக் கிராமத்து மேயருக்கு, ஆண் நாரையின் பொறுப்பற்ற போக்கைக் கவனிக்கும்படி முத்திரையிட்ட கடிதம் போனது. பத்து நாளில் முத்திரையிட்ட பதில் வந்தது: 'கடிதம் கிடைத்தது. குறிப்பிட்ட நாரை எங்கள் கிராமத்தின் பதிவு பெற்ற குடியிருப்பாளர் அல்ல என்பதால் நடவடிக்கை எடுக்க இயலவில்லை.'

நெத்யால்காவுக்கு இது எல்லாம் ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் கூச்சம். பத்தொன்பது வருடம் நிலவறையில் இருந்தவளுக்கு இப்போது படியேறும்போதே ஆட்கள் வணக்கம் சொன்னார்கள். "எங்க நாரைக்கா வர்றாங்க," என்றார்கள். எவ்தோகியாகூட 'கரிக்காரி'யைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

ஜூலை இரண்டாம் தேதி போன் அடித்தது. வெசெலின்.

"மேடம், ஒங்க புகார் இப்பத்தான் என் கைக்கு வந்துச்சு. இன்னும் வைஃபை விட்டு விட்டுப் போகுதா?"

"இல்ல தம்பி, போறதில்ல."

"அப்பிடியா! எப்பிடிச் சரி பண்ணீங்க?"

"நாரை ஓட்டறோம்."

"மேடம், லைன் சரியாக் கேக்கல."

அவள் முழுக் கதையையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவன் குரலில் மரியாதை வந்தது. "மேடம், நீங்க கண்டுபிடிச்சது சரிதான். புது இயங்குதளம் மின்சாரத்த மிச்சம் பண்றேன்னு வைஃபை அட்டைய அணைச்சுடுது. அந்த அட்டையோட பண்புகள்ல போய் மின்சாரம்கற பக்கத்தப் பாருங்க. 'மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம்'னு ஒரு வரி இருக்கும். பக்கத்துல ஒரு டிக். அத எடுத்துடுங்க."

தன் கம்ப்யூட்டரில் எடுத்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற ஏதாவது உண்டா மேடம்?"

முப்பத்தொரு தடவை படியேறினது, சிலை தலையில் ரவுட்டர் வைத்தது, கல்யாணப் பெண்ணின் அம்மா பார்த்த பார்வை, எல்லாம் ஒரு டிக்குக்கா? நெத்யால்கா அதையும் நோட்டில் எழுதிவிட்டு, ப்ளாமெனின் சிக்கலைச் சொல்லி வழி கேட்டாள். போனைப் பதிவறைக்குக் கொண்டுபோய் எவ்தோகியாவிடம் கொடுத்தாள்.

"ஒங்க ஸ்கிரீன்ல எழுத்து எவ்வளவு பெருசா இருக்கு மேடம்?" என்றான் வெசெலின்.

"நல்லாப் பெருசு. கண்ணு தெரியணும்ல?"

"கொஞ்சம் சின்னதாக்குங்க. வலது ஓரத்துல என்ன தெரியுது?"

எழுத்தைச் சின்னதாக்கினாள். இத்தனை நாள் ஸ்கிரீனுக்கு வெளியே ஒளிந்திருந்த ஒரு பொத்தான் உள்ளே வந்து உட்கார்ந்தது. 'தவறான பதிவை நீக்கு.' எவ்தோகியா அதை இரண்டு தடவை படித்துவிட்டு அழுத்தினாள். உடனே ப்ளாமெனுக்குப் போன் போட்டாள். "தம்பி, வாழ்த்துக்கள். நீ இப்ப கல்யாணமாகாத பையன்."

"ஐயோ மேடம், இவெலினாகிட்ட சொல்லிடாதீங்க. பூவோட நிக்காம இன்னும் எத வாங்கிட்டு வரச் சொல்லுவாளோ!"

நெத்யால்கா மேயர் அறைக்குக் கிளம்பினாள். ஆணையில் தெளிவாக இருந்தது: காரணம் தெரியும்வரை. காரணம் தெரிந்துவிட்டது. சொல்லிவிட வேண்டியதுதான். நடைக்கூடத்தில் வரி அறையைத் தாண்டும்போது ஒரு சத்தம் கேட்டு நின்றாள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு ஸ்கிரீனைச் சுற்றி நின்று, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். நோஞ்சான் குஞ்சு முதல் தடவையாக ஒற்றைக் காலில் நிற்கப் பார்த்தது. ஆடியது, சாய்ந்தது, நின்றது. வசூல்காரர் பக்கத்தில் நின்ற, வரி கட்டாத ஒருத்தரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நெத்யால்கா திரும்பி நடந்தாள்.

பொய் சொல்ல அவளால் ஆகாது. விதியை மீறவும் ஆகாது. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அறை அறையாகப் போய், தன்னுடையதோடு சேர்த்துப் பதிமூன்று கம்ப்யூட்டரில் டிக்கை எடுத்தாள், நாரையையும் எடுத்தாள். பதினாலாவது, கல்யாண மண்டபத்துக் கம்ப்யூட்டர். அதைத் தொடவில்லை. அதன் கோளாறு அப்படியே இருந்தது. கோளாறு இருக்கும்வரை அதற்கு நாரை தேவை, அது உண்மை. ஆணையையும் யாரும் ரத்து செய்யவில்லை. காரணம் தெரியுமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"எங்க நாரை எங்கக்கா?" என்று ஒவ்வொரு அறையிலிருந்தும் கேட்டார்கள்.

"மண்டபத்துல ஓடுது. அங்க மட்டும்தான் இன்னும் கோளாறு இருக்கு."

மண்டபத்தில் பெரிய ஸ்கிரீன். ஊர் அங்கே இடம் பெயர்ந்தது.

ஜூலை கடைசி சனிக்கிழமை ப்ளாமெனுக்கும் இவெலினாவுக்கும் மறுபடி கல்யாணம். கல்யாணத்துக்கு மட்டுமாவது நாரையை அணைக்கலாமா என்று நெத்யால்கா கேட்டாள். "அணைச்சா வைஃபை போயிடும். இன்னொரு தடவ இவன் யாரையோ கட்டினதா வந்தா எங்கப்பா செத்துடுவாரு. ஓடட்டும்!" என்றாள் இவெலினா. எவ்தோகியா இரண்டு பேர் விவரத்தையும் ஒரே மூச்சில் தட்டிவிட்டு எழுந்து, தன் உரையைத் தொடங்கினாள். அவள் தலைக்கு மேலே பெரிய ஸ்கிரீனில் மூன்று குஞ்சுகள் ஏற்கெனவே பறந்து போயிருந்தன. நோஞ்சான் தனியாகக் கூட்டு விளிம்பில் நின்று இறக்கையை விரித்து விரித்து மடக்கியது.

"...ப்ளாமென், இவெலினாவை மனைவியா ஏத்துக்க சம்மதமா?"

அந்த நேரம் பார்த்து நோஞ்சான் விளிம்பிலிருந்து காலை எடுத்துப் பறந்தது. மண்டபம் முழுக்க ஒரே கூச்சல். நாற்காலிகள் விழுந்தன. பெண்ணின் அம்மா நெத்யால்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். வயலின்காரர், யாரும் சொல்லாமலேயே, வாசிக்க ஆரம்பித்தார். எவ்தோகியாவும் திரும்பி மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மேடம்," என்றான் ப்ளாமென். "நான் சரின்னு சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னே?"

"அது பறந்தப்ப."

"எனக்குக் கேக்கல. திரும்பச் சொல்லு."

சொன்னான். அவளும் சொன்னாள். பதிவேடு இரண்டு பேரையும் வாங்கிக்கொண்டது. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்ததும், யார் முதலில் அடுத்தவர் காலை மிதிக்கிறாரோ அவர் பேச்சுத்தான் வீட்டில் எடுபடும் என்பது ஊர் வழக்கம்; எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ப்ளாமென் இன்னும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்ததால் இவெலினாவுக்குச் சிரமமே இருக்கவில்லை.

ஆகஸ்ட் இருபத்தைந்துக்குமேல் கூடு காலியானது. டோன்காவும் ஸ்பாஸும் குஞ்சுகளும் தெற்கே போய்விட்டன, இனி மார்ச்சில்தான் திரும்பும். ஒரு வாரம் ஆட்கள் வந்து வெறும் சுள்ளிகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வருவது குறைந்தது. ஒரு மத்தியானம் மண்டபத்தில் யாரும் இல்லை என்று நெத்யால்கா போய் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, டிக்கை எடுத்தாள். பின்னால் எவ்தோகியா நின்றுகொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"ஜூலை ரெண்டாந்தேதி."

எவ்தோகியா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நெத்யால்கா வசவுக்குக் காத்திருந்தாள். எவ்தோகியா ஸ்கிரீனில் இருந்த அந்த ஒற்றைக் கட்டத்தையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரும் இல்லையென்றாலும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"மார்ச்சுல அதத் திரும்பப் போட முடியுமாடி?"